பயாஸ் அப்டேட் பாதியில் நின்றுவிட்டதா? அறிகுறி பார்த்து மதர்போர்டை மீட்கும் வழி

பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை நிரலை, அப்டேட் செய்யப்போய் கம்ப்யூட்டர் எழும்பவில்லை என்றதும் எல்லார் வாயிலும் வரும் முதல் வார்த்தை "போர்டு போச்சு". பெரும்பாலும் போயிருக்காது. கருகியது, வெடித்தது என்று எதுவும் இல்லை. சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதான எட்டுக்கால் ஃபிளாஷ் சிப் ஒன்றில் இருக்கும் 16 அல்லது 32 மெகாபைட் தகவல் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கிறது. அதைச் சரியாகத் திரும்ப எழுதினால் போர்டு பழையபடி ஓடும். பல சமயம் அதுகூடத் தேவைப்படாது.

"ஓடுகிற கம்ப்யூட்டரின் பயாஸைத் தொடாதே" என்பது ஒரு காலத்தில் நல்ல புத்திமதி. இப்போது அதைக் கடைப்பிடிப்பது கஷ்டம். 2023இல் ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி பிராசசர்கள் சில சாக்கெட்டிலேயே கருகியபோது, பிராசசரின் எஸ்ஓசி பகுதிக்குப் போகும் மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாமல் கட்டுப்படுத்தியது பயாஸ் அப்டேட்தான். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்கள் தள்ளாடத் தொடங்கியபோது 2024 ஆகஸ்டில் வந்த மைக்ரோகோடும் (பிராசசருக்கான திருத்த நிரல்) அதே வழியில்தான் வந்தது. அப்டேட் போடாமல் இருப்பதே ஆபத்து என்றான பிறகு, நடுவில் கரண்ட் போய் மாட்டிக்கொள்கிறவர்களும் கூடிவிட்டார்கள்.

கீழே உள்ளதை ஒன்றுவிடாமல் செய்ய வேண்டியதில்லை. உங்கள் போர்டு என்ன செய்கிறது என்று பார்த்து அந்தப் பகுதிக்குப் போங்கள். ஒன்று மட்டும் எல்லாருக்கும் பொது: சிப்பில் இப்போது இருப்பதைப் படித்து எடுத்துவைக்காமல் புரோகிராமரால் (சிப்பில் வெளியிலிருந்து எழுதும் சின்னக் கருவி) அதன்மேல் எழுதாதீர்கள். கெட்டுப்போன ஃபைல் எதற்கு என்று தோன்றும். உங்கள் போர்டின் மேக் முகவரி (நெட்வொர்க்கில் அதன் அடையாள எண்), சீரியல் எண், லேப்டாப் என்றால் விண்டோஸ் உரிமச் சாவி எல்லாம் பெரும்பாலும் அந்தக் கெட்டுப்போன ஃபைலுக்குள்தான் இருக்கின்றன. தயாரிப்பாளரின் தளத்தில் கிடைக்கும் ஃபைலில் அவை இருக்காது.

ஃபேன் சுற்றுகிறது, திரை கறுப்பு, அப்டேட் இப்போதுதான் முடிந்தது

கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். அப்டேட் முடிந்ததும் போர்டு தன் பழைய அமைப்புகளை எல்லாம் மறந்துவிட்டு ரேமை முதலிலிருந்து பழகத் தொடங்கும். டிடிஆர்5 ரேம் போட்ட போர்டுகளில், அதிலும் ஏஎம்5 சாக்கெட் போர்டுகளில், இதற்குப் பல நிமிடங்கள் ஆகலாம். ரேமின் அளவு கூடக்கூட நேரமும் கூடும். அதுவரை திரையில் ஒன்றும் வராது. போர்டில் ரேமுக்கான, டிராம் என்று குறித்த விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். தானாக ஓரிரு முறை அணைந்து எழுவதும் இயல்புதான்.

இந்த இடத்தில்தான் பாதிப் பேர் பொறுமை இழந்து சுவிட்சை அணைக்கிறார்கள். நல்லபடியாக முடியவிருந்த வேலை அப்புறம் நிஜமாகவே பாதியில் நிற்கிறது. கால் மணி நேரமாவது விடுங்கள்.

அதற்குப் பிறகும் கறுப்பாகவே இருந்தால் கீபோர்டில் கேப்ஸ் லாக்கை அழுத்திப் பாருங்கள். விளக்கு மாறி மாறி எரிந்தால் போர்டு எழுந்துவிட்டது, படம்தான் உங்கள் கண்ணுக்கு வரவில்லை. மானிட்டர் கேபிளைக் கிராபிக்ஸ் கார்டிலிருந்து கழற்றி மதர்போர்டின் எச்டிஎம்ஐயில் செருகுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் படம் வரும். அப்டேட்டால் சிஎஸ்எம் என்ற பழைய பயாஸ் ஒத்திசைவு அணைந்துபோயிருக்கும். பத்துப் பன்னிரண்டு வருடப் பழைய கிராபிக்ஸ் கார்டுகள் பலவற்றுக்கு அது இல்லாமல் படம் காட்டத் தெரியாது. உள்ளே போய் சிஎஸ்எம்மைத் திரும்ப ஆன் செய்தால் வேலை முடிந்தது.

எழுகிறது, அணைகிறது, மறுபடி எழுகிறது

பயாஸ் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் சிமாஸ் நினைவகத்தை அழியுங்கள். எஸ்எம்பிஎஸ் (மின்சாரம் தரும் பெட்டி) சுவிட்சை அணைத்து, கரண்ட் வயரைப் பிடுங்கி, கேபினட் பவர் பட்டனைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தை இறக்குங்கள். காசு வடிவிலான 2032 பேட்டரியைக் கழற்றி ஐந்து நிமிடம் வெளியே வையுங்கள். போர்டில் சிமாஸ் அழிக்கும் ஜம்பர் இருக்கும். எம்எஸ்ஐ போர்டில் ஜேபேட்1 என்றும், ஏசுஸ் போர்டில் சிஎல்ஆர்டிசி என்றும் பொறித்திருப்பார்கள். அந்த இரண்டு பின்னையும் ஸ்க்ரூடிரைவர் நுனியால் பத்து நொடி தொட்டாலே போதும். கரண்ட் வயர் செருகியிருக்கும்போது இதைச் செய்யாதீர்கள்.

பிறகு ஒரே ஒரு ரேமை மட்டும் போடுங்கள். நான்கு ஸ்லாட் போர்டு என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட். எக்ஸ்எம்பி என்ற கூடுதல் வேகத்தில் நேற்றுவரை ஓடிய ரேம், புதிய பயாஸில் அதே வேகத்தில் அடம்பிடிப்பது உண்டு. அதைக் கெட்ட அப்டேட் என்று நினைத்துப் பயப்பட வேண்டாம்.

கிகாபைட்டின் பல போர்டுகளில் டூயல் பயாஸ் உண்டு, அதாவது இரண்டு சிப். முதலாவது கெட்டால் இரண்டாவதிலிருந்து எழுந்து, முதலாவதைத் தானே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்தின்போதும் போர்டு சில முறை அணைந்து எழும், எனவே அதற்கும் அவகாசம் கொடுங்கள். சில போர்டுகளில் எந்தச் சிப் என்று தேர்ந்தெடுக்கச் சின்ன சுவிட்ச் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினால்தான் தெரியும்.

பிராசசர் விளக்கு எரிந்தபடியே நிற்கிறது, கால் மணி நேரம் கடந்தும் அப்படியே

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். அப்டேட் சரியாகவே முடிந்து, புதிய பயாஸ் உங்கள் பிராசசரைக் கைவிட்டிருக்கலாம். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் போர்டுகளில் இது நடந்தது. 16 மெகாபைட் சிப்பில் புதிய ரைசன்களுக்கு இடம் போதாமல், பழைய ஏ வரிசை பிராசசர்களைச் சில தயாரிப்பாளர்கள் பட்டியலிலிருந்து தூக்கினார்கள். எம்எஸ்ஐ சில பி450 போர்டுகளில் பயாஸின் அழகான முகப்பையே கழற்றிவிட்டு எளிய திரையைக் கொடுத்தது. அதைப் பார்த்துவிட்டுத் தவறான ஃபைல் ஏறிவிட்டதோ என்று பதறியவர்கள் உண்டு. தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் போர்டுக்கான பிராசசர் பட்டியலில், உங்கள் பிராசசருக்கு எந்தப் பயாஸ் பதிப்பு பொருந்தும் என்று படியுங்கள்.

அது சரியாக இருந்தால் கெட்டுப்போனது பயாஸ்தான் என்று கொள்ளலாம். போர்டின் பின்பக்கம் ஃபிளாஷ்பேக் பட்டன் இருக்கிறதா என்று பாருங்கள். ஏசுஸும் ஏஸ்ராக்கும் பயாஸ் ஃபிளாஷ்பேக் என்கின்றன, எம்எஸ்ஐ ஃபிளாஷ் பயாஸ் பட்டன் என்கிறது, கிகாபைட் கியூஃபிளாஷ் பிளஸ் என்கிறது. வேலை ஒன்றுதான்: போர்டில் இருக்கும் தனிக் கன்ட்ரோலர் பென்டிரைவிலிருந்து ஃபைலைப் படித்து நேராகச் சிப்பில் எழுதும். பயாஸ் உயிரோடு இருக்கத் தேவையில்லை. பெரும்பாலான போர்டுகளில் பிராசசரும் ரேமும்கூட வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து 24 பின் கேபிளும் பிராசசருக்கான 8 பின் கேபிளும் செருகியிருந்தால் போதும்.

ஃபைலைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து, சரியாக உங்கள் மாடலுக்கு, போர்டின் ரிவிஷன் எண்ணையும் பார்த்து வேறொரு கம்ப்யூட்டரில் இறக்குங்கள். கிகாபைட் போர்டில் ரிவிஷன் எண் ஒரு மூலையில் பொறித்திருக்கும், 1.0 வேறு, 1.1 வேறு. பிறகு பெயர் மாற்ற வேண்டும். எம்எஸ்ஐக்கு எம்எஸ்ஐ என்று பெயரும் ஆர்ஓஎம் என்று பின்னொட்டும். கிகாபைட்டுக்கு நிறுவனத்தின் பெயரே பெயர், பிஐஎன் பின்னொட்டு. ஏஸ்ராக்குக்கு கிரியேட்டிவ் என்ற பெயர், ஆர்ஓஎம் பின்னொட்டு. ஏசுஸ் மாடலுக்கு மாடல் வேறு பெயர் கேட்கும் என்பதால், பெயர் மாற்றும் சின்ன நிரல் ஒன்றை ஜிப்புக்குள் சேர்த்தே தருகிறார்கள். விண்டோஸில் ஃபைல் பின்னொட்டுகள் மறைந்திருந்தால் முதலில் அவற்றைத் தெரியும்படி செய்யுங்கள். இல்லாவிட்டால் ஆர்ஓஎம்முக்குப் பின்னால் இன்னொரு ஆர்ஓஎம் ஒளிந்திருக்கும், நீங்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பென்டிரைவைக் குறித்திருக்கும் அந்த ஒரே யூஎஸ்பி துளையில் செருகி, எஸ்எம்பிஎஸ் ஆன், கம்ப்யூட்டர் ஆஃப் என்ற நிலையில் பட்டனை அழுத்துங்கள். ஏசுஸில் விளக்கு மூன்று முறை மினுக்கும் வரை, ஏறக்குறைய மூன்று நொடி, பிடித்திருக்க வேண்டும். மினுக்கல் முழுதாக அடங்கும் வரை எதையும் தொடாதீர்கள். வீட்டில் யூபிஎஸ் இருந்தால் இந்த வேலையை அதில் மாட்டிச் செய்யுங்கள். கரண்ட் போனதால்தான் இங்கே வந்திருக்கிறீர்கள் என்றால் இதைச் சொல்லவே வேண்டாம்.

ஃபிளாஷ்பேக் விளக்கு ஐந்து நொடி மினுக்கிவிட்டு அசையாமல் எரிகிறது

போர்டுக்கு ஃபைல் கிடைக்கவில்லை என்று அர்த்தம். இதற்கு அநேகமாக எப்போதும் பென்டிரைவ்தான் காரணம். 128 ஜிபி புதிய டிரைவை எடுத்துவைத்துவிட்டு, மேசை டிராயரில் கிடக்கும் 4 அல்லது 8 ஜிபி பழசைத் தேடுங்கள், யூஎஸ்பி 2.0 என்றால் இன்னும் நல்லது. அதை எம்பிஆர் முறையில் ஒரே பார்ட்டிஷனாக, ஃபேட்32இல் ஃபார்மட் செய்யுங்கள். ஃபைல் எந்த ஃபோல்டருக்குள்ளும் இல்லாமல் வெளியே இருக்க வேண்டும். ஒரு டிரைவ் எடுபடவில்லை என்றால் வேறு கம்பெனி டிரைவில் முயலுங்கள். காரணமே தெரியாமல் ஒன்று ஓடும், ஒன்று ஓடாது.

லேப்டாப் என்றால்

எச்பி லேப்டாப்பில் விண்டோஸ் கீயையும் பி எழுத்தையும் ஒன்றாக அழுத்திப் பிடித்து, பவர் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்தி விடுங்கள். கீபோர்டிலிருந்து கையை எடுக்காதீர்கள். பீப் ஒலியோடு மீட்புத் திரை வரலாம். சில மாடல்களில் பி எழுத்துக்குப் பதில் வி. டெல்லின் புதிய மாடல்களில் கன்ட்ரோல், எஸ்கேப் இரண்டையும் அழுத்தியபடியே சார்ஜரைச் செருக வேண்டும். இரண்டிலும் சார்ஜர் இணைந்திருப்பது கட்டாயம். ஹார்டு டிஸ்கிலோ எஸ்எஸ்டியிலோ மீட்பு நகல் இருந்தால் அதிலிருந்தே எழும். எனவே "எப்படியும் செத்துவிட்டது" என்று டிஸ்கைக் கழற்றி ஃபார்மட் அடித்துவிடாதீர்கள்.

பயாஸ் வருகிறது, விண்டோஸ் வரவில்லை

இது மீட்பு வேலையே இல்லை, அமைப்புகள் மாறியதன் விளைவு. நீலத் திரையில் பூட் டிவைசை அணுக முடியவில்லை என்று வந்தால், பயாஸில் டிஸ்க் கன்ட்ரோலர் ஓடும் முறை ஏஎச்சிஐ, ரெய்டு, விஎம்டி ஆகியவற்றுக்கு இடையே மாறியிருக்கிறது. முன்பு இருந்ததற்கே திருப்புங்கள். டிஸ்கே தெரியவில்லை, விண்டோஸ் பழைய எம்பிஆர் முறையில் நிறுவியது என்றால் மேலே சொன்ன சிஎஸ்எம்மை ஆன் செய்யுங்கள்.

நீலத் திரை பிட்லாக்கர் (விண்டோஸின் டிஸ்க் பூட்டு) சாவி கேட்டால் 48 இலக்க எண் வேண்டும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமித்திருக்கும், போனிலிருந்தே பார்க்கலாம். ஏஎம்டி போர்டு எழும்போதே எஃப்டிபிஎம் (பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் பகுதி) பற்றி ஒய் (Y) அல்லது என் (N) என்று கேட்டால், அந்தச் சாவி கையில் இல்லாத வரை N அழுத்துங்கள். ஒய் அழுத்தினால் பழைய எஃப்டிபிஎம் பதிவு அழியும், டிஸ்கில் பிட்லாக்கர் பூட்டு இருந்தால் உங்கள் ஃபைல்கள் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். போர்டு பிழைத்து டேட்டா போவது இப்படித்தான்.

ஃபிளாஷ்பேக் இல்லை, மீட்புத் திரை இல்லை, எதற்கும் அசையவில்லை

இனி சிப்பை வெளியிலிருந்து எழுத வேண்டும். 1999 ஏப்ரல் 26 அன்று சிஐஎச் வைரஸ் ஏராளமான பயாஸ்களை அழித்தபோது, அதே மாடலில் நல்ல போர்டு ஒன்றை ஆன் செய்து, ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் சிப்பைப் பிடுங்கிக் கெட்ட சிப்பைச் சொருகி எழுதியவர்கள் உண்டு. இப்போது பெரும்பாலும் சிப் போர்டிலேயே சால்டர் செய்திருக்கிறது. ஆனால் சில நூறு ரூபாய்க்கு சிஎச்341ஏ புரோகிராமரும் எட்டுக்கால் கிளிப்பும் கிடைக்கின்றன. சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலே தருவார்கள்.

சிப்பைக் கண்டுபிடியுங்கள். விண்பாண்ட், மேக்ரானிக்ஸ், கிகாடிவைஸ் என்ற மூன்று பெயர்தான் அதிகம். மேலே 25 என்ற எண்ணோடு எழுதியிருக்கும். அதற்கடுத்து 64 இருந்தால் 8 மெகாபைட், 128 என்றால் 16, 256 என்றால் 32, ஏனென்றால் அந்த எண் மெகாபிட் கணக்கு. எழுத்து மங்கலாக இருக்கும். போன் கேமராவில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் படம் எடுத்துப் பெரிதாக்கினால் படிக்கலாம்.

அப்புறம் வோல்டேஜ். பெரும்பாலான டெஸ்க்டாப் சிப்கள் 3.3 வோல்ட். லேப்டாப்களிலும் சில புதிய போர்டுகளிலும் 1.8 வோல்ட் சிப் வரும்: மேக்ரானிக்ஸில் 25க்குப் பின் யூ, கிகாடிவைஸில் 25க்குப் பின் எல்கியூ, விண்பாண்டில் கடைசியில் டபிள்யூ. அவற்றுக்கு 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் கிளிப்பை மாட்டாதீர்கள். இன்னொரு தொல்லையும் உண்டு. கறுப்பு நிற சிஎச்341ஏவில் சிப்புக்குக் கொடுக்கும் வோல்டேஜ் 3.3 ஆக இருந்தாலும் டேட்டா கம்பிகளில் 5 வோல்ட் வரும். சிப்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. மல்டிமீட்டரில் அளந்துவிட்டு மாட்டுங்கள், அல்லது ராஸ்ப்பெரி பை இருந்தால் (கையடக்கக் கம்ப்யூட்டர் போர்டு) ஃபிளாஷ் சிப்போடு பேசும் அதன் எஸ்பிஐ பின்களைப் பயன்படுத்துங்கள். அது தொடக்கத்திலிருந்தே 3.3 வோல்ட்தான், ஃபிளாஷ்ராம் என்ற இலவச நிரல் அதில் நேராக ஓடும்.

போர்டின் கரண்ட் வயர், 2032 பேட்டரி, லேப்டாப் என்றால் உள்பேட்டரி எல்லாவற்றையும் கழற்றுங்கள். சிப்பின் ஒரு மூலையில் குழிவாகவோ வெள்ளையாகவோ ஒரு புள்ளி இருக்கும், அது முதல் கால். கிளிப் கேபிளின் சிவப்புக் கம்பி அந்தப் பக்கம் வர வேண்டும். கிளிப்பை மேலிருந்து நேராக அழுத்துங்கள். சாய்ந்தால் ஒரு கால் தொடாது.

இப்போது படியுங்கள், எழுதாதீர்கள். ஒரு முறை படித்துச் சேமியுங்கள். கிளிப்பைக் கழற்றி மாட்டி இன்னொரு முறை படியுங்கள். இரண்டு ஃபைலும் ஒரு பைட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். முழுக்க எஃப்எஃப் என்றோ முழுக்க 00 என்றோ வந்தால் சிப் காலியாக இருக்கிறது என்று முடிவுகட்டாதீர்கள், கிளிப் தொடவில்லை என்பதுதான் அநேகமாக நிஜம். படிக்கப் படிக்க வேறு வேறாக வந்தால், புரோகிராமர் கொடுக்கும் சொற்ப கரண்டைப் போர்டின் மற்ற பாகங்கள் இழுத்துக்கொள்கின்றன. கேபிளைக் குட்டையாக்கிப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சிப்பைக் கழற்றித்தான் எழுத வேண்டும். ஹாட் ஏர் பழக்கம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் சிப் லெவல் சர்வீஸ் கடைக்குப் போய்விடுவது நல்லது.

எழுத வேண்டிய ஃபைலின் அளவும் சிப்பின் அளவும் சரியாக ஒன்றாக இருக்க வேண்டும். 16 மெகாபைட் என்றால் 16,777,216 பைட். ஏசுஸ் தரும், சிஏபி பின்னொட்டுள்ள பயாஸ் ஃபைல் பல போர்டுகளுக்கு 16,779,264 பைட் இருக்கும். கூடுதலாக இருக்கும் 2,048 பைட் தலைப்பகுதி, சிப்புக்குப் போகக் கூடாது. ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டரில் அதை வெட்டிவிடுங்கள். வெட்டியது சரியா என்று பார்க்க, இன்டெல் போர்டின் ஃபைலில் தொடக்கத்திலிருந்து 16 பைட் தள்ளி 5ஏ ஏ5 எஃப்0 0எஃப் என்ற நான்கு பைட் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் உங்களிடம் இருப்பது முழுச் சிப்பின் ஃபைல் அல்ல, பயாஸ் பகுதி மட்டும். அதை அப்படியே எழுதினால் எம்இ பகுதியும் (இன்டெல்லின் மேனேஜ்மென்ட் எஞ்சின் நிரல்) டிஸ்கிரிப்டரும் (சிப்பில் எது எங்கே என்ற வரைபடம்) போய்விடும். உங்கள் பழைய நகலை யூஇஎஃப்ஐடூல் நிரலில் திறந்து, பயாஸ் பகுதியை மட்டும் மாற்றி எழுதுவதே சரி. ஏஎம்டி ஃபைலில் இந்த அடையாளம் இருக்காது.

அழித்தல், காலியா என்று பார்த்தல், எழுதுதல், சரிபார்த்தல் என்ற நான்கையும் தனித்தனியாகச் செய்யுங்கள். சரிபார்ப்பு தோற்றால் மறுபடி எழுதுங்கள். திரும்பத் திரும்ப ஒரே முகவரியில் தோற்றால் சிப்பே தேய்ந்திருக்கிறது; அதே எண் கொண்ட புதுச் சிப் மலிவாகவே கிடைக்கும்.

எழுந்துவிட்டது, ஆனால் 30 நிமிடத்தில் தானாக அணைகிறது

இன்டெல் போர்டில் இது எம்இ பகுதியின் கையெழுத்து மாதிரி. எம்இ சரியாக இல்லாவிட்டால் போர்டு அரை மணி நேரம் ஓடிவிட்டு அணையும், ஃபேன்கள் முழு வேகத்தில் அலறலாம். வேறொருவரின் அதே மாடல் போர்டிலிருந்து எடுத்த நகலை எழுதியவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது, காரணம் அந்த எம்இ அந்தப் போர்டோடு பழகியது. அதே பதிப்பின் பழகாத, சுத்தமான எம்இ பகுதியை வைத்து மீண்டும் எழுத வேண்டும்.

நெட்வொர்க்கில் மேக் முகவரி 88-88-88-88-87-88 என்று காட்டுகிறது

இன்டெல் லேன் உள்ள போர்டில் தயாரிப்பாளரின் வெற்று ஃபைலை எழுதினால் வருவது இது. ஒரு கம்ப்யூட்டர் என்றால் இன்டர்நெட் ஓடும், கண்டுகொள்ள மாட்டீர்கள். அலுவலகத்தில் இப்படி இரண்டு போர்டு ஒரே நெட்வொர்க் சுவிட்சில் இருந்தால் மாறி மாறி நெட் அறுந்துகொண்டே இருக்கும். தொடக்கத்தில் படித்துச் சேமித்த ஃபைலிலிருந்து, மேக் முகவரி இருக்கும் ஜிபிஇ பகுதியை எடுத்துப் புதிய ஃபைலில் அதே இடத்தில் ஒட்டி எழுதுங்கள். ஃபைல் இல்லாவிட்டால் போர்டின் மீதோ அட்டைப் பெட்டியின் மீதோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எண் இருக்கும், அதை வைத்துக் கையால் திருத்தலாம்.

சரிபார்ப்பும் ஜெயித்தது, இருந்தும் டிஸ்பிளே இல்லை

சிப்பை மீண்டும் படித்து நீங்கள் எழுதிய ஃபைலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றாகவே இருந்தால் பயாஸைக் குற்றம் சொல்ல இனி வழியில்லை; சாக்கெட் பின் வளைந்திருக்கிறதா, கிளிப் மாட்டும்போது பக்கத்து ரெசிஸ்டர் ஏதும் பெயர்ந்ததா என்று பார்த்துவிட்டு, கடையில் கொடுங்கள். கொடுக்கும்போது முதலில் எடுத்த அந்த நகலையும் பென்டிரைவில் போட்டுக் கூடவே கொடுங்கள். அது இல்லாவிட்டால் அவர்களும் ஏதோ ஒரு போர்டின் ஃபைலைத்தான் எழுதித் தருவார்கள்.